குணபாலாவுக்குக் கொடுக்காத சொல்

போன கிழமை செங்கலடிச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றேன். வந்து நின்ற தனியார் பஸ்ஸின் பின்பக்கம் முழுக்க ஒரு பாம்பு ஒட்டியிருந்தார்கள். தென்னங்குற்றி மொத்தத்தில் பச்சை உடம்பு, பிளந்த வாய், இலக்கத் தகடு வரைக்கும் நீண்ட நாக்கு. அதற்கு மேலே கொட்டை எழுத்தில், ஆங்கிலத்தில், அனகொண்டா என்று பெயர். ஏறியதும் கண்டக்டரிடம் கேட்டேன்.

"தம்பி, இந்தப் பேர் எங்கயிருந்து வந்தது தெரியுமா?"

"கொழும்பில இருந்து ஐயா. அங்கதான் ஸ்டிக்கர் அடிச்சது."

பிழையில்லாத பதில். பிழை என் கேள்வியில்தான். யன்னலோரம் இடம் கிடைத்தது. வாழைச்சேனை வரும் வரைக்கும் அந்தச் சொல்லும் நானும் தனியாக இருந்தோம். இந்தக் கதையை இப்போது கேட்பதற்கு எனக்கு அதிகம் பேர் இல்லை. நீங்கள் கொஞ்சம் பொறுத்துக் கேட்கவேண்டும்.

தென்னமெரிக்க ஆறுகளில் கிடக்கும் அந்தப் பாம்புக்கு அங்குள்ளவர்கள் வைத்த பெயர்கள் பல உண்டு. உலகம் அதைக் கூப்பிடும் பெயர் மட்டும் நம்முடைய தீவிலிருந்து போனது. பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில், ஒல்லாந்தில் லெய்டன் நகரத்துக் காட்சிச்சாலையில் இருந்த பாம்புகளின் பட்டியல் ஒன்றை ஓர் ஆங்கிலேயர் தன் நூலில் சேர்த்தார். அதில் ஒன்று, இலங்கையர் அனகந்தையா என்று அழைப்பது, எருமைகளின் எலும்பை நொறுக்குவது என்று குறிக்கப்பட்டிருந்தது. அடுத்த நூற்றாண்டில் ஒருவர், இலங்கையில் இந்தப் பாம்பு புலியொன்றைச் சுற்றி நொறுக்கியதைத் தன் கண்ணாலேயே கண்டதாக ஒரு பத்திரிகைக்கு எழுதினார். சரித்திர காலத்தில் இலங்கையில் புலி என்ற மிருகம் இருந்ததில்லை. (இந்த வசனத்தை எங்கள் பக்கத்தில் சில வருடங்கள் அக்கம்பக்கம் பார்த்துத்தான் சொல்லவேண்டியிருந்தது.) பிறகு ஒரு பிரெஞ்சுக்காரர் அந்தப் பெயரைக் கொண்டுபோய்த் தென்னமெரிக்கப் பாம்பின் தலையில் வைத்தார். அங்கேயே அது நின்றுவிட்டது. இங்கே எங்கள் மலைப்பாம்பை யாரும் அப்படிச் சொல்வதில்லை.

இதையெல்லாம் நான் படித்தது பள்ளிக்கூடத்திலோ நூலகத்திலோ அல்ல. குப்பையில்.

திகதி போடாமல் எதையும் எழுதும் பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் இந்தக் கதைக்கான திகதிகளை எழுதிவைத்த கொப்பிகள் 2004 மார்கழி 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் கடலோடு போய்விட்டன. ஆகவே "ஒரு கோடையில்", "அதற்கு அடுத்த வருடமாக இருக்கலாம்" என்றெல்லாம்தான் சொல்லவேண்டியிருக்கிறது. எனக்கே கூச்சமாக இருக்கிறது.

வாழைச்சேனைக் கடதாசி ஆலைக்கு நான் போன காலத்தில் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதை மூக்கால் சொல்லலாம். வைக்கோலைச் சோடா போட்டு அவிக்கிற மணம். அவித்த நெல்லின் மணத்தோடு சவர்க்காரத்தைக் கலந்தால் கொஞ்சம் கிட்ட வரும். புதிதாக வருகிறவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். எங்களுக்கு அது சாப்பாட்டு மணம். வைக்கோலுக்கு அடுத்தபடியாகப் பழைய கடதாசியையும் கூழாக்குவார்கள். நாடு முழுவதிலும் இருந்து கழிவுக் கடதாசி கட்டுக்கட்டாக லொறியில் வரும். அதைக் கொட்டித் தரம்பிரிக்கிற கொட்டிலில் நான் எழுதுவினைஞன். கட்டுகளின் கம்பியை வெட்டுகிறவன் குணபாலா.

அவன் வெலிக்கந்தைப் பக்கத்துச் சிங்களவன். என் வயதுதான். இரண்டு வருடத்தில் எங்களைப் போலவே தமிழ் பேசினான். ஏச்சுகளை அதற்கு முன்பே கற்றுக்கொண்டான். கம்பியை வெட்டியதும் கட்டு மூச்சு விடுவதுபோல விரியும். உள்ளேயிருந்து பரீட்சைத் தாள்கள், அரசாங்கக் கச்சேரிக் கோப்புகள், கலியாண அழைப்பிதழ்கள், மட்டை கிழிந்த ஆங்கிலப் புத்தகங்கள் எல்லாம் வரும். புத்தகம் கண்டால் என் பக்கம் எறிவான். "இந்தா, உன்ர சாப்பாடு." நான் படித்ததாகச் சொல்லிக்கொள்ளும் எல்லாமே அப்படி எறியப்பட்டவை. பல நாவல்களுக்கு எனக்கு முடிவு தெரியாது. சிலவற்றுக்குத் தொடக்கம் தெரியாது.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கொட்டிலில் வாக்குவாதம் நடக்கும். எந்த மலை உயரம், சந்திரனில் முதலில் வைத்தது இடது காலா வலது காலா, எதுவாகவும் இருக்கலாம். அதற்கு ஒரு சட்டம் இருந்தது. வாயால் சொன்னது செல்லாது. கையெழுத்தும் செல்லாது. குவியலிலிருந்து அச்சடித்த தாளை எடுத்து வந்து காட்டவேண்டும். "கடதாசி எங்க?" என்று கேட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. தாளைக் காட்டியவன் வென்றான். தோற்றவன் மறுநாள் ஒரு முட்டி எருமைத் தயிர் கொண்டுவரவேண்டும். காட்டி முடிந்ததும் அந்தத் தாள் மற்றத் தாள்களோடு கூழுக்குப் போய்விடும். ஆலையின் கடதாசி ஆலைக்கே.

ஒரு கோடையில், வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றின் வர்ணப் பக்கம் விரிந்த கட்டிலிருந்து வெளியே வந்தது. சேற்றுக்குள் சுருண்டு கிடக்கும் பெரும் பாம்பு. குணபாலா கீழேயிருந்த பெயரை எழுத்தெழுத்தாகக் கூட்டினான்.

"மச்சான், இது எங்கட சொல். ஹெனகந்தயா."

"போடா. ஆனைக்கொண்டான். ஆனையக் கொண்ட, அதாவது கொன்ற, பாம்பு. சுத்தத் தமிழ்."

"ஆனையக் கொண்டு எங்க போகுது? சந்தைக்கா?"

"அப்ப உன்ர ஹெனகந்தயா எண்டா என்ன?"

"அது ஒரு பாம்பு."

"எவ்வளவு பெரிசு?"

அவன் எழும்பிக் கம்பி வெட்டப் போனான். மறுநாள் ஒரு போத்தலில் கொண்டுவந்தான். வேலியில் பிடித்தானாம். சுண்டுவிரல் மொத்தம், மண்ணிறம், கூர் மூஞ்சி. கொட்டிலே சிரித்தது. "இதுவாடா ஆனைய விழுங்கும்? இது பல்லியை விழுங்கவே ரெண்டு நாள் யோசிக்கும்" என்றேன். குணபாலா போத்தலை மார்போடு அணைத்துக்கொண்டு, "சிரி, சிரி. பேர் இதுதான்" என்றான். மாலையில் அதைப் பிடித்த வேலியிலேயே கொண்டுபோய் விட்டுவிட்டதாகப் பிறகு சொன்னான்.

இருவரிடமும் கடதாசி இல்லை. ஆகவே வழக்கு முடியவில்லை. எனக்கு அவன் வைத்த பெயர் பொய்க்காரன். அவனுக்கு நான் வைத்தது இங்கே எழுதக்கூடியதல்ல. காலையில் கம்பி வெட்டும் சத்தத்துக்கு முன்பு அவனுடைய குரல் வரும்: "பொய்க்காரன் வந்திட்டானா? கடதாசி கிடைச்சுதா?"

கிடைத்தது. அதற்கு அடுத்த வருடமாக இருக்கலாம். அவன் லீவில் ஊருக்குப் போயிருந்த ஒரு கிழமையில், ஆங்கில அகராதி ஒன்றின் முதலாம் பாகம், பாதி மட்டையோடு, ஈரமாக வந்து விழுந்தது. நான் தேடவில்லை, அது அந்தச் சொல் இருந்த பக்கத்திலேயே விரிந்து கிடந்தது. அவன் சொன்னது சரி. தமிழ் விளக்கம் பின்னால் வந்த ஊகம். இங்கே அப்படியொரு பாம்புப் பெயரை யாரும் கேட்டதில்லை. ஹெனகந்தயா என்பது சிங்களத்தில் ஒரு மெல்லிய கொடிப்பாம்பின் பெயர். லெய்டனில் யாரோ சீட்டை மாற்றி, பெரிய பாம்பின் மேல் சின்னப் பாம்பின் பெயரை ஒட்டியிருக்கவேண்டும் என்று அந்தத் தாள் சொன்னது. போத்தலுக்குள் இருந்த அதே பாம்பு.

சட்டப்படி தாளை எடுத்துவைத்து, திங்கட்கிழமை அவன் முன்னால் நீட்டி, செவ்வாய்க்கிழமை தயிர் கொண்டுபோயிருக்கவேண்டும். நான் அதைக் கிழித்து, நான்காக மடித்து, சட்டைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோய் ட்ரங்குப் பெட்டியின் அடியில் போட்டேன்.

ஏன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். முதல் சில நாட்கள் தோற்க மனமில்லை, அது மட்டும்தான். பிறகு காரணம் மாறிவிட்டது. எண்பத்துமூன்று வந்தது. கொட்டிலில் தமிழர் ஒரு மூலையிலும் சிங்களவர் ஒரு மூலையிலும் சாப்பிடத் தொடங்கினார்கள். யாரும் எதற்கும் வாக்குவாதப்படுவதில்லை. சின்னதாகத் தொடங்கினால் எங்கே போய் முடியும் என்று எல்லோருக்கும் பயம். குணபாலாவும் நானும் மட்டும் அந்தப் பாம்பை வைத்து, எங்கட சொல், உங்கட சொல் என்று சத்தம்போட்டுக் கத்திக்கொண்டிருந்தோம். பக்கத்தில் இருந்தவர்கள் எங்களை விசரர்களைப் போலப் பார்த்தார்கள். தாளை எடுத்துக் காட்டியிருந்தால் அதுவும் நின்றிருக்கும்.

தொண்ணூறாம் ஆண்டு ஆனியில் சண்டை மறுபடி தொடங்கியபோது அவன் போனான். விடைபெறவில்லை. ஒரு திங்கட்கிழமை கம்பி வெட்ட வேறு ஆள் வந்தார். வெலிக்கந்தை எங்கள் ஸ்டேஷனிலிருந்து சில ஸ்டேஷன்கள் தள்ளித்தான். ஆனால் அந்தக் காலத்தில் அது அந்தப் பாம்பின் ஊரைவிடத் தூரம்.

மனைவி தொண்ணூற்றேழில் காய்ச்சலில் போனாள். பிள்ளைகள் இல்லை. கல்குடாக் கரையோரத்தில் என் வீட்டில் நானும் ட்ரங்குப் பெட்டியும் இருந்தோம். சமாதானக் காலத்தில் பாதை திறந்தபோது வெலிக்கந்தைக்குப் போயிருக்கலாம். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று இருந்தேன். அவனிடம் என்ன சொல்வது என்று எனக்கு நிச்சயமில்லை.

கடல் வந்த காலையில் நான் செங்கலடிச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அதனால் இதை எழுதுகிறேன். திரும்பி வந்தபோது வீட்டின் அத்திவாரம் இருந்தது. கிணறு மணலால் மூடியிருந்தது. பக்கத்து வீட்டில் மூன்று பிள்ளைகளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். சில நாள் கழித்து, முகாமுக்கு வந்த ஒரு பெண் படிவத்தை வைத்துக்கொண்டு, "ஐயா, உங்களுக்கு என்ன போனது?" என்று கேட்டாள். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்களைப் பார்த்தேன். "ஒண்டும் இல்ல பிள்ளை, வீடு மட்டும்தான்" என்றேன்.

அந்த மாசியிலோ பங்குனியிலோ ஒரு தபாலட்டை வந்தது. என் பெயரும் ஆலையின் பெயரும் மட்டுமே முகவரி. ஆலை அநேகமாக ஓய்ந்துபோயிருந்த காலம் அது. தபால்காரர் முகாம்களில் விசாரித்துக்கொண்டு வந்து தந்தார். குணபாலாவுக்குத் தமிழ் எழுதத் தெரியாது. தெரிந்த ஆங்கிலத்தில் இரண்டு வரி: உயிரோடு இருக்கிறாயா? இருந்தால், அது எங்களுடைய சொல்.

கூடாரத்துக்கு வெளியே மணலில் உட்கார்ந்து அதைப் படித்துவிட்டு, பல நாட்களுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன். அதற்குப் பின்னால் வந்ததைச் சொல்லவேண்டியதில்லை. உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. நான் எழுதிய பதில்: உயிரோடு இருக்கிறேன். அது எங்களுடைய சொல்.

ஒரு வருடத்துக்கு மேல் இப்படி அட்டைகள் போய் வந்தன. பொய்க்காரா, கடல் கூட உன்னை வேண்டாம் என்றுவிட்டதா, என்று ஒரு தடவை எழுதினான். அடுத்த அட்டையில் நான் அவனுடைய ஆங்கிலத்தைப் பழித்தேன். இரண்டாயிரத்து ஆறில் வாகரைப் பக்கம் ஷெல் விழத் தொடங்கியது, அட்டைகள் நின்றன.

யுத்தம் 2009 வைகாசியில் முடிந்தது. அதன் பிறகு ஒரு மாதத்தில் நான் ரயில் ஏறினேன். முடிவு பண்ணியிருந்தேன். எனக்கு வயது போய்விட்டது, அவனுக்கும்தான். அவனுக்குச் சேரவேண்டியதை நான் இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக வைத்திருக்கிறேன். கொடுத்துவிடவேண்டும். தயிர் முட்டியொன்றையும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு போனேன். சோதனைச் சாவடியில் முட்டியின் கடதாசியைப் பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி கட்டித் தந்தார்கள்.

வாய்க்கால் ஓரத்தில் வீடு. வாசலில் நின்றவனை எனக்கு அடையாளம் தெரிந்தது. தலைமயிர் மட்டும் யாருடையதோ மாதிரி வெள்ளையாக இருந்தது. இருவரும் கொஞ்ச நேரம் கையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அவனுடைய தமிழ் துருப்பிடித்திருந்தது. ஒரு சொல்லுக்காக நின்று, கண்ணை மூடி, பிறகு தொடர்ந்தான். உள்ளே சுவரில் சீருடை போட்ட இளைஞன் ஒருவனின் படம். அதற்கு முன்னால் சின்ன விளக்கு.

"சின்ன மகன்," என்றான். "மாசியில. முல்லைத்தீவுப் பக்கம்."

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஏதோ சொன்னேன். அவன் மனைவி பிளேன்டீ வைத்துவிட்டுப் போனாள். அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு தேநீரைக் குடித்துவிட்டு எழும்பியிருந்தால் நான் புத்தியுள்ளவன். ஆனால் வந்த காரியம் அது. ரயிலில் ஒத்திகை பார்த்த வசனத்தை அப்படியே சொன்னேன்.

"குணபாலா, அது உன்ர சொல்தான். நான் எப்பவோ கடதாசி கண்டிட்டன். உனக்குக் காட்டாம ஒளிச்சு வச்சன்."

அவன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தான். படத்தைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"பாவம் பாத்துத் தாறியா, பயத்தில தாறியா?"

"ரெண்டும் இல்ல. உண்மை."

"அப்ப கடதாசி எங்க?"

"கடல் கொண்டுபோட்டுது."

"கடல்," என்றான் குணபாலா. "நல்ல சாட்சி."

நான் விளக்கினேன். அகராதி, முதலாம் பாகம், ஈரமான மட்டை, கொடிப்பாம்பு, லெய்டன், மாறிப்போன சீட்டு. விளக்க விளக்க எனக்கே அது இட்டுக்கட்டிய கதைபோலக் கேட்டது. இத்தனை வருடம் நான் சொன்ன பொய்யை நம்பாமல் ஆனால் ரசித்துக் கேட்டவன், உண்மையைச் சொன்னபோது முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"இப்ப உங்கட ஆக்கள் எல்லாரும் எங்களுக்கு ஓம் எண்டுதான் சொல்றாங்க," என்றான். "சாவடியில ஓம். கச்சேரியில ஓம். என்ன கேட்டாலும் ஓம். நான் நினைச்சன், ஒருத்தன் மட்டும் இல்ல எண்டு சொல்லுவான் எண்டு."

"நான் சொல்றது உண்மை மச்சான்."

"இருக்கலாம். எனக்கு வேணாம்."

அதற்குப் பிறகு நாங்கள் மழையைப் பற்றிப் பேசினோம். சீனி வருத்தத்தையும் அதன் மருந்தையும் பற்றி, உர விலையைப் பற்றி, ஆலையில் யார் யார் இருக்கிறார்கள், யார் யார் இல்லை என்பதைப் பற்றி. இருவரும் நல்ல மனிதர்கள் போல நடந்துகொண்டோம். அவன் மனைவி சோறு போட்டாள். தயிரும் பரிமாறினாள். யாரும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. புறப்படும்போது வாழைக்குலையில் பாதியை வெட்டி, கடதாசியில் சுற்றித் தந்தான். ஸ்டேஷன் வரைக்கும் கூட வந்தான். ரயில் அசைந்தபோது, "கவனமாப் போங்க" என்றான். என்னோடு அவன் அப்படி மரியாதையாகப் பேசிய முதல் நாள் அது.

வீட்டுக்கு வந்து அந்தத் தாளைத் தேடத் தொடங்கினேன். மட்டக்களப்பு நூலகத்தில் கேட்டேன். வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் கேட்டேன். கிடைத்தவை புதிய அகராதிகள். அவை என் தாளைவிடக் கவனமானவை: சிங்களமாக இருக்கலாம், தமிழாக இருக்கலாம், நிச்சயமில்லை. அப்படியான தாளை எடுத்துக்கொண்டு போய் எந்த வழக்கையும் முடிக்க முடியாது. இப்போது யாராவது பிள்ளைகள் வந்து கேட்டால் இரண்டையும் சொல்கிறேன். எழுதிக்கொண்டு போகிறார்கள்.

ஆலைப் பக்கம் போனால் மூக்குக்கு ஒன்றும் தெரிவதில்லை. எங்கள் கொட்டில் இருந்த இடத்தை வெளியிலிருந்து சரியாகக் காட்ட எனக்கே இயலவில்லை, பற்றைக்காடுதான் தெரிகிறது. கடதாசி வேறு எங்கிருந்தோ வருகிறது. பழைய கடதாசி எங்கே போகிறதோ தெரியாது.

குணபாலாவிடமிருந்து பிறகு மூன்று சித்திரைக்கு வாழ்த்து அட்டை வந்தது. நானும் அனுப்பினேன். கடையில் வாங்கிய அட்டைகள். பூவும் குத்துவிளக்கும், உள்ளே பொன்னெழுத்தில் அச்சடித்த வாழ்த்து. அவன் எழுதியது கையொப்பம் மட்டும். நாலாவது சித்திரைக்கு ஒன்றும் வரவில்லை. விசாரித்ததில், தைப் பொங்கலுக்கு முன்பே போய்விட்டான் என்று ஒரு ரயில் ஊழியர் சொன்னார். கடைசி அட்டை என்னிடம் இருக்கிறது. கையொப்பத்துக்கு மேலே "அன்புடன்" என்று அச்சில் இருக்கிறது. குணபாலா ஒருநாளும் எனக்கு அன்புடன் எழுதியவன் அல்ல.